செய்தவன் பெயர் இல்லாத கோப்புகள்

ஆட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் பட்டாவா, முதியோர் பென்ஷனா என்றுதான் கேட்பார்கள். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது மேஜிஸ்டீரியல் செக்‌ஷனில். தீபாவளிப் பட்டாசுக் கடை உரிமம், தியேட்டர் உரிமம், ஊர்வலம், கூட்டம் தொடர்பான கடிதங்கள், அப்புறம் துப்பாக்கி. நாகர்கோவிலில் உட்கார்ந்து துப்பாக்கிக் கோப்பு பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று வேறு மாவட்ட நண்பர்கள் சிரிப்பார்கள். குமரி என்றால் அவர்களுக்குக் கடலும் அம்மன் கோயிலும் திருவள்ளுவர் சிலையும்தான். கீரிப்பாறை, பேச்சிப்பாறை, கடையாலுமூடு, பத்துகாணி என்று மலையை ஒட்டிப் போகும் ஊர்கள் அவர்கள் நினைவில் வருவதில்லை. ரப்பரும் வாழையும் மரச்சீனியும் முடிகிற இடத்தில் காடு தொடங்கும். எங்கள் செக்‌ஷனுக்கு வந்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்கோட்டிலிருந்து வந்தவை.

லைசென்ஸ் உள்ளவர்களில் வங்கிக் காவலர்கள் ஒரு கூட்டம். எஸ்டேட் வீட்டுக்காரர்கள் இன்னொரு கூட்டம். இவர்கள் வைத்திருப்பது கம்பெனித் துப்பாக்கி. ஒற்றைக் குழல் என்றால் எஸ்.பி.பி.எல்., இரட்டைக் குழல் என்றால் டி.பி.பி.எல். என்று பதிவேட்டில் இருக்கும். மூன்றாவது கூட்டம்தான் எனக்குச் சுவாரசியமானது. எஸ்.பி.எம்.எல். என்று எழுதப்படும், குழலின் வாய்வழியாக வெடிமருந்தைப் போட்டு இடிக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கிக்காரர்கள். பழைய விவசாயிகள். சிலருடைய முதல் லைசென்ஸ் 1956 நவம்பர் 1-க்கு முன்பு, நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தபோது கொடுத்தது. மலையாளத்தில் எழுதி, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பார்கள்.

1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தில் 13-ஆம் பிரிவில் இவர்களுக்கென்றே ஒரு வரி உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுப்பார்கள்; அது போதாது என்று உரிமம் கொடுக்கும் அதிகாரி கருதினால்தான் வேறு வகைத் துப்பாக்கிக்குக் கொடுக்கலாம். 1962 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. பன்றி வந்தால் விவசாயி சுடுவான், அதற்கு இது போதும் என்பது அன்றைய கணக்கு. பத்து வருடம் கழித்து, 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பன்றியைச் சுட்டால் வேட்டை. ஆக, ஒரு சட்டம் பயிரைக் காக்க என்று சொல்லித் துப்பாக்கி கொடுக்கிறது, இன்னொரு சட்டம் அதை வானத்தைப் பார்த்துச் சுடு என்கிறது. இரண்டும் ஒரே பீரோவில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்தன. லைசென்ஸ் புதுப்பிக்க வரும் பெரியவர்களுக்கு இதை விளக்குவது என் வேலைகளில் ஒன்று. தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும்போதுதான் கோபம் வரும். குலசேகரம் பக்கத்துக்காரர் ஒருவர் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "எலெக்‌ஷன் வந்த விவரம் பன்னிக்கும் சொல்லியாச்சா சாறே?"

அதைவிடச் சிக்கலானது பழுது. ஒரு பெரியவர், எண்பதை ஒட்டிய வயது. துப்பாக்கியின் குதிரை நிற்க மாட்டேன் என்கிறது, இழுத்தால் தானாக விழுந்துவிடுகிறது, எங்கே கொடுத்து நேராக்குவது என்று கேட்டார். நல்ல கேள்வி. அப்படிப்பட்ட துப்பாக்கி கையில் இருப்பது ஆபத்து. ஆனால் சட்டத்தின் 5-ஆம் பிரிவு துப்பாக்கி செய்வதை மட்டும் தடுக்கவில்லை. விற்பது, மாற்றி அமைப்பது, பழுது பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாமே அதில் அடக்கம். லைசென்ஸ் இல்லாமல் செய்யக்கூடாது. அதாவது இந்தப் பெரியவர் தன் லைசென்ஸ் துப்பாக்கியை ஊர்க் கொல்லரிடம் கொடுத்து ஒரு ஸ்பிரிங் மாற்றினால், கொல்லர் குற்றவாளி. உரிமம் பெற்ற டீலரிடம்தான் கொடுக்க வேண்டும். அவர் ஊருக்குப் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. வெளியூர் கொண்டுபோகக் கடிதம் எழுதித் தரலாம் என்றேன். "பஸ்ஸுல இதையும் தூக்கிட்டுப் போனா ஆளுவ என்ன நெனப்பாவ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த புதுப்பித்தலுக்குத் துப்பாக்கியைக் காட்டியபோது குதிரை ஒழுங்காக நின்றது. எங்கே சரிசெய்தார் என்று படிவத்தில் கட்டம் கிடையாது.

இதெல்லாம் லைசென்ஸ் உள்ளவர்கள் கதை. எங்கள் மேஜைக்கு வரும் இன்னொரு வகைக் கோப்பு உண்டு. செய்தித்தாள்களில் 'நாட்டுத் துப்பாக்கியுடன் ஒருவர் கைது' என்று நாலு வரி வருகிறதே, அதன் பின்பாதி எங்களிடம் வரும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் அது 3-ஆம் பிரிவை மீறிய குற்றம். அதற்கு வழக்குத் தொடர 39-ஆம் பிரிவின்படி மாவட்ட நடுவர், அதாவது ஆட்சியர், முன்அனுமதி தர வேண்டும். போலீஸ் குற்றப்பத்திரிகை தயாராக வைத்துக்கொண்டு அனுமதி கேட்டு எழுதுவார்கள். எஃப்.ஐ.ஆர்., பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய மகஜர், சாட்சி வாக்குமூலங்கள், தடய அறிவியல் நிபுணரின் அறிக்கை எல்லாம் வரும். அவற்றைப் படித்து, ஆட்சியர் மனத்தைச் செலுத்தி முடிவெடுத்தார் என்று நீதிமன்றத்தில் நிற்கும்படி வரைவு எழுதுவது உதவியாளரின் பொறுப்பு. பத்து வழக்குக்கும் ஒரே வரைவில் தேதியை மட்டும் மாற்றி வைத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் வைத்து அதை ஒவ்வொரு வரியாக உரித்துவிடுவார்.

சில நேரம் துப்பாக்கியையும் கொண்டு வருவார்கள். ஏட்டு ஒருவர் வெள்ளைத் துணியில் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்த பொட்டலத்தை மேஜையில் வைப்பார். குற்ற எண், காவல் நிலையம், கைப்பற்றிய தேதி, சாட்சிகளின் கையெழுத்து உள்ள சீட்டு ஒட்டியிருக்கும். பிரித்தால் முதலில் மூக்கில் ஏறுவது எண்ணெயும் கரிந்த மருந்தும் கலந்த வாடை. கட்டை பெரும்பாலும் பலா. தோளில் படும் இடம் வழவழவென்று தேய்ந்து கறுத்திருக்கும். குழலும் கட்டையும் சேரும் இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருப்பார்கள். ஒன்றில் வார் இருந்தது. அது பள்ளிப் பையின் வார், கார்ட்டூன் பொம்மை கூட அழியவில்லை. கம்பெனித் துப்பாக்கியில் பார்க்கும் எதுவும் இதில் இருக்காது. ஒழுங்கான துப்பாக்கியில் செய்தவன் பெயர், வரிசை எண், அழுத்தச் சோதனையில் தேறியதற்கான முத்திரை மூன்றும் குழலிலேயே வெட்டப்பட்டிருக்கும். எங்கள் படிவத்தில் அந்த மூன்று கட்டங்களிலும் நான் எழுதியது 'இல்லை, இல்லை, இல்லை'.

வாக்குமூலத்தைப் புரட்டினால் அங்கேயும் அதே கதைதான். துப்பாக்கி எப்படி வந்தது? அப்பா காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது. அல்லது, பத்து வருடம் முன்பு கேரளத்திலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கினேன், பெயர் தெரியாது, இப்போது உயிரோடு இல்லை என்று கேள்வி. அல்லது ரப்பர் தோட்டத்தில் கிடந்தது, எடுத்து வைத்தேன். எழுதுகிற எஸ்.ஐ. மாறுவார், ஊர் மாறும், வருடம் மாறும், பதில் மாறாது. பன்றியா, பகையா என்று துப்பாக்கியின் காரணத்தை எவ்வளவோ விவரமாகச் சொல்கிற கோப்பு, செய்தவனிடம் வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். நான் பார்த்த கோப்புகளில் நாட்டுத் துப்பாக்கி செய்தவர்களெல்லாம் ஒன்று செத்தவர்கள், இல்லை எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர் பேர் தெரியாதவர்கள். கேரளத்துக் கோப்புகளில் அந்தப் பேர் தெரியாதவன் தமிழ்நாட்டுக்காரனாக இருப்பான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதில் ஒரு நியாயமும் சொல்லியாக வேண்டும். 39-ஆம் பிரிவு முன்அனுமதி கேட்பது 3-ஆம் பிரிவுக் குற்றத்துக்கு மட்டும்தான். செய்வது, விற்பது, பழுது பார்ப்பது அடங்கிய 5-ஆம் பிரிவுக்கு ஆட்சியர் அனுமதி தேவையில்லை. போலீஸ் நேரே நீதிமன்றம் போகலாம். ஆக, செய்தவன் மேல் தனி வழக்கு இருந்தால் அது என் மேஜைக்கு வராமலே போயிருக்கலாம் இல்லையா? எனக்கும் அது தோன்றியது. நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்த நண்பரிடம் கேட்டேன். அவர் பார்த்த வழக்குகளிலும் நிற்பது வைத்திருந்தவன்தான் என்றார்.

தண்டனையைப் பார்த்தால் சட்டத்தின் பார்வை எதிர்ப்புறமாக இருக்கிறது. 2019 திருத்தத்துக்கு முன்பு லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தவனுக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு. திருத்தத்துக்குப் பிறகு குறைந்ததே 7 ஆண்டு, கூடினால் ஆயுள். சாதாரணத் துப்பாக்கியைச் சும்மா வைத்திருந்தவனுக்கு இதைவிட மிகவும் குறைவு. பட்டறையை ஒழித்தால் துப்பாக்கி ஒழியும் என்கிற கணக்கு அது; கணக்கு சரிதான். ஆனால் தண்டனை ஏற ஏற, பிடிபட்டவன் செய்தவனைக் காட்டிக் கொடுக்கும் வாய்ப்பு குறைகிறது என்பது என் அபிப்பிராயம். செய்தவன் பெரும்பாலும் ஊர்க்காரன். அவனுடைய பிள்ளையும் இவனுடைய பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கும். ஆயுள் தண்டனை கிடைக்கக்கூடிய வழக்கில் அவன் பெயரைச் சொல்லிவிட்டு அதே ஊரில் எப்படி இருப்பது? செத்துப்போன ஒரு கொல்லரைச் சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

செய்தவன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த துப்பாக்கித் தொழிற்சாலையும் இதே மாவட்டத்தில் இருந்தது. தக்கலையிலிருந்து சற்றுத் தள்ளி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. 1741 ஆகஸ்டு 10-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்ற டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அதே திருவிதாங்கூரின் படையைப் பழக்கினார். கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலைக்களம் இருந்தது. 1777-இல் இறந்தவரின் கல்லறை அங்கேயே இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அரசாங்கத்துக்காகச் செய்தால் பெயர் நிற்கும் என்று எங்கள் அலுவலகத்து மேலதிகாரியான ஷிரஸ்தார் சொல்வார்.

பட்டறைப் பக்கம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது மச்சினன் வழியாக. கோட்டாறு பக்கத்தில் லேத் வைத்திருக்கிறான். பெரிய வேலை ஒன்றுமில்லை. சின்னமுட்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் மீன்பிடி போட்டு (படகு) ஷாஃப்ட் வரும். மேற்கே ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர்கள், பம்புசெட் புஷ். மழைக்காலத்தில் ரப்பர் பால் வெட்டு நின்றால் இவனுக்கு ரோலர் வேலை கூடும், சும்மா கிடக்கிற நேரத்தில்தான் எல்லாரும் பழுது பார்ப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு இதில் வந்து நின்றது. துப்பாக்கிக்கு வேலை கேட்டு யாராவது வந்திருக்கிறார்களா என்றேன். வராமல் இருப்பார்களா என்றான்.

"எப்படிடே கண்டுபிடிப்பே?"

"அத்தான், ஷாஃப்ட் கொண்டு வாறவன் தேஞ்ச ஷாஃப்டையும் கூடக் கொண்டு வருவான். ரோலர்காரன் மேல ரப்பர் பால் நாறும். கையில ஒண்ணும் இல்லாம, மனசுல அளவ வச்சிட்டு ஒருத்தன் வாறான் பாருங்க, அவன்ட்டதான் நான் கேப்பேன், சாம்பிள் எங்கன்னு."

சாம்பிள் இல்லை என்பான். எந்த மிஷினுக்கு என்று கேட்டால் ஒரு மிஷின் பேர் சொல்வான். அந்த மிஷினை மச்சினன் அவிழ்த்துப் பூட்டியிருப்பான். அப்படி ஒரு உறுப்பு அதில் கிடையாது. அவ்வளவுதான். திட்டுவதில்லை, போலீசுக்குப் போன் செய்வதும் இல்லை. மோட்டார் கருகிப் போச்சு, காயில் கட்டக் கொடுத்திருக்கு என்று சொல்லி அனுப்பிவிடுவான். பின்னால் லேத் ஓடிக்கொண்டிருக்கும், வந்தவனுக்கும் கேட்கும். புரிந்துகொண்டு போய்விடுவான்.

ஏன் அப்படி என்று கேட்டேன். சட்டம் என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்ன காரணம் வேறு. "ஷாஃப்ட் ஒடிஞ்சா போட்டு நிக்கும், திட்டிட்டு வருவான், வேற போட்டுக் குடுப்பேன். இது ஒடிஞ்சா அவன் மொகத்துலல்லா ஒடியும்."

நான் என் பங்குக்குச் சட்டத்தையும் சொன்னேன். படைக்கலச் சட்டத்தில் ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டுமில்லை. அதன் உறுப்புகளும், அதைச் செய்வதற்கான இயந்திரங்களும் அந்த விளக்கத்துக்குள்ளேயே வருகின்றன. லேத் வைத்திருப்பது குற்றமில்லை, ஆனால் இந்த வேலை ஒன்று அதில் நடந்தால் லேத்தும் மகஜரில் ஏறிவிடும் என்றேன். பீகாரில் முங்கேர் பக்கம் அப்படித்தான் லேத்தோடு, டிரில்லோடு பிடித்துக்கொண்டு போகிறார்கள். முங்கேர் சாதாரண ஊர் இல்லை. 1760-களில் வங்க நவாப் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறை வைத்த காலத்திலிருந்து துப்பாக்கித் தொழில் அந்த ஊரில் இருக்கிறது. லைசென்ஸோடு செய்கிறவர்களும் அங்கே உண்டு, இல்லாமல் செய்கிறவர்களும் உண்டு. ஒரே கை, ஒரே அரம். மச்சினன் எல்லாம் கேட்டுவிட்டு, "இந்த லேத்துக்கு இன்னும் பேங்கு லோன் இருக்கு அத்தான்" என்றான். அவனுக்கு அதுதான் 5-ஆம் பிரிவு.

அவன் முகத்தில் ஒடியும் என்றது சும்மா பேச்சில்லை. என் கையில் ஒரு கோப்பு வந்தது. அதில் காயம்பட்டவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒருவரே. மலையடிவாரத்து வாழை விவசாயி. இடது கையில் விரல்கள் போய், முகத்தில் தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு வந்து, கோயில் கொடைக்கு வாங்கிய வெடி கையில் வெடித்தது என்று சொல்லியிருக்கிறார். பார்த்த டாக்டர் நம்பவில்லை. காயத்துக்குள் இரும்புச் சில்லு இருந்தது. தகவல் காவல் நிலையத்துக்குப் போய், தோப்பில் தேடினால் வாழைக்கன்றுகளுக்கு நடுவில் பிளந்த குழல் கிடந்தது. கோப்பில் புகைப்படம் இருந்தது. குழல் நீளவாக்கில் வாயைப் பிளந்து, விளிம்பு வெளியே சுருண்டு, தீய்ந்த முருங்கைக்காய் தொலி மாதிரி கிடந்தது. தண்ணீர் போவதற்காகச் செய்த இரும்பு, வெடிப்பின் அழுத்தத்தை எதற்காகத் தாங்க வேண்டும்? உரிமம் பெற்ற தொழிற்சாலையில் ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்த்துத்தான் முத்திரை வைப்பார்கள். நாட்டுத் துப்பாக்கிக்கு அந்தச் சோதனை நடப்பது வாங்கியவன் தோளில்.

அவரிடமும் கேட்டிருந்தார்கள், செய்தது யார் என்று. விரல் போன கையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவர் சொன்ன பதில்: அப்பா காலத்தது. நிபுணர் அறிக்கை அந்த வெல்டிங் புதியது என்றது.

2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, உறவுக்காரர்கள்கூட என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள், நம்ம மாவட்டத்தில் இவ்வளவு துப்பாக்கி இருக்கிறதா என்று. அந்த வழக்கின் துப்பாக்கிக்கும் வாழைத்தோப்புத் துப்பாக்கிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்தேன். 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடியபோது, அரிவாள் அடிக்கும் பட்டறைகளுக்கும் போலீஸ் போனது. யார் வாங்குகிறார்கள், எதற்கு என்று எழுதி வைக்கவும், கேமரா மாட்டவும் சொன்னார்கள். பாளை சீவும் கத்தி வாங்க வந்த பனையேறியிடம் முகவரி கேட்பது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் எனக்கு அது சரியான இடத்தில் கேட்ட கேள்வியாகப் பட்டது. மச்சினன் கேட்பதும் அதைத்தானே, எதற்கு என்று.

ஓய்வு பெறும் காலத்தை ஒட்டி வந்த கோப்பு ஒன்று என் பழைய கணக்கையெல்லாம் குழப்பிவிட்டது. அதில் செய்தவன் பெயர் இருந்தது. தகப்பன் பெயர், வயது, முகவரி எல்லாம் தெளிவாக இருந்தன. ஐ.டி.ஐ. முடித்து வேலை இல்லாமல் இருந்த பையன். வீட்டிலேயே வெல்டிங் மிஷின், கையில் போன். வீடியோ பார்த்துச் செய்தேன் என்று அவனே சொல்லியிருந்தான். பன்றிக்காக இல்லை, பகையும் இல்லை. முடிகிறதா என்று பார்த்தானாம். செய்தவனும் வைத்திருந்தவனும் ஒரே ஆள். வாக்குமூலத்தில் இரண்டாவது மனிதனே கிடையாது.

நாட்டுத் துப்பாக்கிக்கு முன்பெல்லாம் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஆசைப்படுகிறவன் ஒருவன், கை ஓடுகிறவன் ஒருவன். இரண்டாவது ஆள் மோட்டார் கருகிவிட்டது என்று சொல்லிவிட்டால் முதல் ஆளின் ஆசை பாதிக்கு மேல் அங்கேயே அணைந்துவிடும். எத்தனை அணைந்தது என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அந்த ஐ.டி.ஐ. பையனிடம் சாம்பிள் எங்கே என்று கேட்க யாரும் இருக்கவில்லை.

அவனுக்காவது கையில் தொழில் இருந்தது. அதுவும் தேவையில்லை என்று சொல்கிறவர்கள் வந்துவிட்டார்கள். 2013 மே மாதம் அமெரிக்காவில் கோடி வில்சன் என்பவர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிடக்கூடிய 'லிபரேட்டர்' என்ற பிளாஸ்டிக் துப்பாக்கியின் கோப்பை இணையத்தில் போட்டார். அந்நாட்டு வெளியுறவுத் துறை எடுக்கச் சொல்வதற்குள் ஒரு லட்சம் பதிவிறக்கம் ஆகிவிட்டது. அந்த நாட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தடையில்லாத ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் செய்துகொள்வதை மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. விற்பனைக்கு என்றால்தான் லைசென்ஸ். அந்த இடைவெளியில் வரிசை எண் இல்லாத துப்பாக்கிகள் பெருகி, அவற்றைப் பேய்த் துப்பாக்கி என்று அங்கே சொல்கிறார்கள். வாங்கியவரே சேர்த்துப் பூட்டிக்கொள்ளும் உறுப்புத் தொகுப்புகளுக்கும் வரிசை எண்ணும் வாங்குபவர் பற்றிய விசாரணையும் வேண்டும் என்று 2022-இல் விதி போட்டு, அது செல்லும் என்று 2025 மார்ச்சில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஜப்பான் எதிர்த்திசை. 2014-இல் துப்பாக்கி அச்சிட்ட ஒருவருக்கு இரண்டு ஆண்டு சிறை கொடுத்தார்கள். இவ்வளவு கட்டுப்பாடான நாட்டில்தான் 2022 ஜூலை 8-இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே நாரா நகரத்துத் தெருவில், வீட்டில் செய்த துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தார். அச்சு இயந்திரமெல்லாம் இல்லை. செய்தியில் அந்தத் துப்பாக்கியின் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சைக்கிள் டியூப் சுற்றிய நம்மூர்ப் பொட்டலங்கள்தான் நினைவுக்கு வந்தன. இரண்டு ஆண்டு கழித்து, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தூண்டும் விதமாகச் செய்முறையை இணையத்தில் பரப்புவதையே குற்றமாக்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

நம் சட்டத்துக்கு இந்தக் குழப்பம் பெரிதாக இல்லை என்பது என் எண்ணம். 5-ஆம் பிரிவு எந்த உலோகம், எந்த இயந்திரம் என்று கேட்பதில்லை. இரும்போ பிளாஸ்டிக்கோ, விற்பனைக்கோ வீட்டுக்கோ, லைசென்ஸ் இல்லாமல் செய்யக்கூடாது, முடிந்தது. அச்சு இயந்திரத்தைக் கண்டுபிடிக்கும் முன்பே எழுதிய வரி அதற்கும் பொருந்துகிறது. எழுதியவர்கள் அதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள், அகலமாக எழுதி வைத்தார்கள். சிக்கல் சட்டத்தில் இல்லை, கண்டுபிடிப்பதில் இருக்கிறது. பட்டறையில் சத்தம் வரும், பக்கத்துக் கடைக்காரன் பார்ப்பான். பூட்டிய அறையில் ஒரு பெட்டி ராத்திரி முழுக்க முனகினால் யாருக்குத் தெரியும்? மச்சினனிடம் இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. "ஸ்பிரிங்கும் அதுலயே வருமா?" என்றுதான் முதலில் கேட்டான்.

ஆசைப்படுகிறவன் பக்கமும் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. கேரளத்தில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்தார்கள். பயிரழிக்கும் பன்றியை லைசென்ஸ் உள்ளவரை வைத்துச் சுட அவர்கள் உத்தரவிடலாம். பத்துகாணியில் நின்று கொண்டு வெள்ளறடைப் பக்கம் கேட்கும் வெடிச்சத்தத்தை எண்ணுகிறார்கள் நம்மவர்கள். இங்கே 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு வேறு. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடக்கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3-ஐத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட எங்கேயும் இடமில்லை. நம் மாவட்டத்தின் அகலத்துக்குக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் என்பது பாதி பஞ்சாயத்துகளை விழுங்கிவிடும். மின்வேலி, தீனிக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காய் என்று துப்பாக்கியைவிட மோசமான வழிகளுக்குப் போகிறவர்களைக் குறை சொல்லலாம். அவர்கள் மரச்சீனி கிடக்கிற கிடப்பைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகும் மனு எழுதித் தரச் சொல்லி வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. போன மாதம் கடையாலுமூட்டுக்காரர் ஒருவர் வந்தார். இழப்பீடு கேட்டு வனத்துறைக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அப்படியே துப்பாக்கி லைசென்ஸுக்கும் ஒன்று எழுதலாமா என்றார். எழுதலாம், போலீஸ் அறிக்கை, தாசில்தார் அறிக்கை, மருத்துவச் சான்று எல்லாம் முடிந்து கிடைத்தாலும் பன்றியைச் சுட முடியாது என்றேன்.

"பின்ன எதுக்கு சாறே அந்தத் தோக்கு?"

எனக்குத் தெரிந்த இரண்டு சட்டத்தையும் சொன்னேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்தவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, கேட்காத மாதிரி கேட்டார்: "சாறுக்க மச்சினன் கோட்டாத்துல லேத்து போட்டிருக்காருல்லா?"

ஷீட் ரோலர் தேய்ந்திருந்தால் கொண்டு போங்கள், நன்றாகச் செய்து கொடுப்பான் என்றேன்.